சூடேறியபோது மின்தடை கூடிய ஜெர்மானியம்: ஒரு செய்முறை வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இளநிலை இயற்பியல் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். அதில் வருடாவருடம் நடக்கும் ஒரு சோதனை, ஜெர்மானியப் படிகத்தின் ஆற்றல் இடைவெளியை (பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை மின்சாரம் கடத்தும் நிலைக்கு ஏற்றத் தேவையான ஆற்றலை) நான்கு முனை முறையில் கண்டுபிடிப்பது. மெல்லிய படிகத் துண்டு ஒன்றின் மேல் நான்கு ஊசிகள் வரிசையாக அழுந்தி நிற்கும். வெளிப்பக்கத்து இரண்டு ஊசிகள் வழியாக மாறாத மின்னோட்டம் போகும், உள்ளே இருக்கும் இரண்டு ஊசிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்போம். மின்னோட்டம் ஒரு ஜோடியிலும் அளவீடு இன்னொரு ஜோடியிலும் இருப்பதால் ஊசி தொடும் இடத்தின் தடை கணக்கில் வராது. மொத்தத்தையும் சிறிய ஓவனுக்குள் வைத்துச் சூடாக்கி, வெப்பநிலை மாற மாற மின்தடை எண் (துண்டின் அளவைச் சாராத, பொருளுக்கே உரிய தடை) எப்படி மாறுகிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். மின்தடை எண்ணின் மடக்கையை ஓர் அச்சிலும், கெல்வின் வெப்பநிலையின் தலைகீழை இன்னொரு அச்சிலும் போட்டால் நேர்கோடு வரும், அதன் சாய்வை இரண்டு மடங்கு போல்ட்ஸ்மான் மாறிலியால் பெருக்கினால் ஆற்றல் இடைவெளி கிடைக்கும். எங்கள் செய்முறைக் கையேட்டில் இப்படித்தான் இருந்தது. கடைசி வரியில் "எதிர்பார்க்கும் மதிப்பு: 0.7 எலக்ட்ரான் வோல்ட்" என்றும் அச்சிட்டிருந்தோம்.

பல வருடமாகப் பயன்பட்ட படிகம் ஒருநாள் உடைந்துவிட்டது. ஜெர்மானியம் கண்ணாடி போல நொறுங்கும், யாரோ ஊசிகளின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். புதிதாக ஒன்று வாங்கினோம். அளவு அதே, தடிமன் அதே அரை மில்லிமீட்டர், பார்வைக்கும் அதே சாம்பல் நிறப் பளபளப்பு. கையேட்டை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் புதிய படிகத்தை முதன்முதலில் அளந்த இரண்டு மாணவர்களின் கதைதான் இது. ஒருவர் மாணவி, ஒருவர் மாணவர், இருவரும் ஒரே குழு.

முதல் நாள் என்ன நடந்தது

மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர். அறை வெப்பநிலையில் மின்னழுத்தம் 35 மில்லிவோல்ட் வந்தது. ஓவனைப் போட்டார்கள். இனி எண் இறங்கிக்கொண்டே போகும் என்று மீட்டரைப் பார்த்தபடி இருந்தவர்களுக்கு முன்னால் அது ஏற ஆரம்பித்தது. 37, 39, 40, 41. மாணவி பென்சிலால் எழுதிக்கொண்டே போனாள். 76 டிகிரி செல்சியஸில் 41.7 வரை போய் நின்று, அதன்பிறகுதான் இறங்கத் தொடங்கியது. 147 டிகிரியில் 13 மில்லிவோல்ட் சுமாருக்கு வந்து முடிந்தது.

மாணவி என்னிடம் வந்து, "மேடம், இது உலோகமா குறைக்கடத்தியா? பாதி வரைக்கும் உலோகம் மாதிரி போகுது" என்று கேட்டாள். "கனெக்‌ஷன் லூசா இருக்கும், ஊசியைச் சரியா வெச்சு இன்னொரு தடவை எடுங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த மேஜைக்குப் போய்விட்டேன். இந்த நிகழ்வில் என் முதல் தவறு அதுதான்.

இன்னொரு தடவை எடுத்தார்கள், அதே மேடு வந்தது. நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டு வைக்கும்போது இருவரும் ஒரே ரீடிங்கிலிருந்து இரண்டு வேறு விடைகளைக் கொண்டுவந்தார்கள். மாணவி எல்லாப் புள்ளிகளையும் கிராஃபில் குறித்து, வளைந்து கிடந்த அந்தப் புள்ளிகளின் நடுவே வலுக்கட்டாயமாக ஒரு நேர்கோட்டை இழுத்திருந்தாள். விடை 0.17 எலக்ட்ரான் வோல்ட். மாணவர் 115 டிகிரிக்குக் கீழே இருந்த எல்லா ரீடிங்குகளையும் விட்டுவிட்டு மேலே இருந்தவற்றை மட்டும் வைத்துக் கோடு போட்டிருந்தார். விடை 0.64.

நான் எடுத்த முடிவு, அது ஏன் தவறு

மாணவருக்கு முழு மதிப்பெண் போட்டேன். மாணவியின் நோட்டில் 0.17-ஐச் சுற்றி வட்டம் போட்டு "மறுபடி செய்" என்று எழுதினேன். அப்போது எனக்கு இது நியாயமாகவே பட்டது. புத்தகத்தில் அறை வெப்பநிலைக்கு 0.67 என்று இருக்கிறது, 0.64 பக்கத்தில் வருகிறது, 0.17 வரவில்லை.

நோட்டைத் திருப்பி வாங்கும்போது மாணவி சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மேடம், நான் எழுதின ரீடிங்ல எது தப்பு?" என்னால் ஒரு ரீடிங்கையும் காட்ட முடியவில்லை. இரண்டு தடவை எடுத்தும் அதே வளைவு. லூசான இணைப்பு இரண்டு தடவையும் ஒரே இடத்தில் மேடு காட்டுமா? வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் இருவரையும் கூப்பிட்டு, மதிப்பெண்ணை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன், மூன்று பேரும் சேர்ந்து இந்தப் படிகத்தை மறுபடி அளப்போம் என்று சொன்னேன்.

மறு அளவீடு

முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதுதான் முறை, ஆனால் சந்தேகத்தை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கவும் வேண்டும். மின்னோட்டத்தை 2, 5, 8 மில்லி ஆம்பியர் என்று மாற்றிப் பார்த்தோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மூன்றிலும் 7 ஓமுக்குப் பக்கத்திலேயே நின்றது, ஆக ஓம் விதி சரியாகப் பொருந்துகிறது, மின்னோட்டமே படிகத்தைச் சூடாக்குகிறது என்ற சந்தேகமும் போயிற்று. அப்புறம் மின்னோட்டத்தின் திசையைத் திருப்பி இரண்டு ரீடிங்கின் சராசரியை எடுத்தோம். ஊசிகளுக்கு இடையே ஓரிரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே ஜெர்மானியத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு வெப்ப மின்னழுத்தம் வந்துவிடும், திசை திருப்பினால் அது கழிந்துபோகும். மேடு அப்படியே இருந்தது. ஓவனைக் கறுப்புத் துணியால் மூடி வெளிச்சத்தைத் தடுத்தோம், ஏனென்றால் ஒளி பட்டாலும் குறைக்கடத்தியில் கடத்தும் எலக்ட்ரான்கள் கூடும். மாற்றமே இல்லை.

ஒன்றில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. அதுவரை சூடேற்றும்போது ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை 150 டிகிரி வரை ஏற்றி, ஓவனை அணைத்துவிட்டு, மெதுவாக ஆறும்போது எடுத்தோம். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் ஓவன் கம்பிச்சுருளுக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிறது, அதனால் சூடேறும்போது படிகத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆறும்போது இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே இறங்கும். 76 டிகிரியில் இருந்த உச்சம் 70-க்கு நகர்ந்தது. நகர்ந்தது, ஆனால் போகவில்லை.

ஆறும்போது எடுத்த ரீடிங்கை மின்தடை எண்ணாக மாற்றியபோது கிடைத்தவை: 27 டிகிரியில் 1.60 ஓம்-செ.மீ., 57-ல் 1.84, 67-ல் 1.89, 97-ல் 1.62, 117-ல் 1.14, 147-ல் 0.58. முதல் எண்ணைப் பார்த்ததுமே நான் நின்றிருக்க வேண்டும். தூய ஜெர்மானியத்தின் மின்தடை எண் அறை வெப்பநிலையில் சுமார் 45 ஓம்-செ.மீ. உடைந்துபோன பழைய படிகத்தின் அட்டையில் 35 என்று எழுதியிருந்தது, அது தூய்மைக்குக் கிட்டத்தட்டப் பக்கம். புதியது 1.6. ஏறக்குறைய 30 மடங்கு நன்றாகக் கடத்துகிறது. ஓவனைப் போடுவதற்கு முன்பே, முதல் ரீடிங்கிலேயே, "நான் மாசூட்டப்பட்ட (வேற்று அணுக்கள் சிறிதளவு கலந்த) படிகம்" என்று அது சொல்லிவிட்டது. கேட்க ஆள் இல்லை.

சூடான முனைச் சோதனை

எந்த வகை மாசு என்று பார்க்க மிக எளிய வழி இருக்கிறது. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கிப் படிகத்தின் ஓரத்தில் தொட வேண்டும், இன்னொரு முனை குளிர்ந்த இடத்தில். சூடான இடத்தில் ஊர்திகள் (மின்னூட்டத்தைச் சுமந்து செல்பவை) வேகமாக அலைவதால் குளிர்ந்த பக்கம் நோக்கிப் பரவும். ஊர்திகள் எலக்ட்ரான்களாக இருந்தால் சூடான பக்கத்தில் எலக்ட்ரான் குறைந்து அது நேர்மின் பக்கமாகும், துளைகளாக (எலக்ட்ரான் விட்டுச்சென்ற, நேர்மின்னூட்டம் போல நகரும் காலியிடங்களாக) இருந்தால் நேர்மாறு. எங்கள் ஆய்வக உதவியாளர் அயர்னைப் பிடித்துக்கொண்டார், மாணவர் மீட்டரைப் பார்த்தார். சூடான முனை நேர்மின். அதாவது என் (n) வகைப் படிகம், எலக்ட்ரான்களால் கடத்துவது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடமாக "என் வகை, பி வகை" என்று எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் அதை ஒரு பொருளில் நேராகப் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. அதை நான் முன்பே செய்து காட்டாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மேடு ஏன் வந்தது

என் வகை என்று தெரிந்ததும் கணக்கு போட முடிந்தது. ஜெர்மானியத்தில் எலக்ட்ரானின் இயக்க எண் (மின்புலத்தில் அது எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) அறை வெப்பநிலையில் சுமார் 3900 செ.மீ.²/வோல்ட்-விநாடி. மின்தடை எண் 1.6 என்றால் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 10¹⁵ கடத்தும் எலக்ட்ரான்கள். ஜெர்மானிய அணுக்கள் அதே இடத்தில் 4.4 × 10²². அதாவது சுமார் 4.4 கோடி அணுக்களில் ஒன்று மட்டும் ஐந்து இணைதிறன் எலக்ட்ரான் கொண்ட வேற்று அணு. அந்த ஒன்று போதும், மின்தடை எண் 45-லிருந்து 1.6-க்கு இறங்க.

அந்த வேற்று அணுவின் நான்கு எலக்ட்ரான்கள் சுற்றியிருக்கும் நான்கு ஜெர்மானிய அணுக்களோடு சகப்பிணைப்பில் போய்விடும். ஐந்தாவது மிச்சம். அதை அணுவிடமிருந்து கழற்ற ஜெர்மானியத்தில் சுமார் 0.01 எலக்ட்ரான் வோல்ட் போதும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே 0.026. ஆகவே ஓவனைப் போடுவதற்கு முன்பே எல்லா ஐந்தாம் எலக்ட்ரான்களும் கழன்று திரிகின்றன. சூடாக்கினால் இந்த வகையில் புதிதாகக் கிடைக்க எதுவும் இல்லை. ஆனால் சூட்டில் அணுக்களின் அதிர்வு கூடும், எலக்ட்ரான்கள் அடிக்கடி சிதறும், இயக்க எண் குறையும், மின்தடை எண் ஏறும். உலோகத்தில் நடப்பது போலவே. மாணவி சொன்ன "உலோகம் மாதிரி போகுது" என்பது அந்த வெப்பநிலை எல்லைக்குள் சரியான அவதானிப்பு.

இன்னும் சூடாக்கினால்தான் ஜெர்மானியத்தின் சொந்தப் பிணைப்புகளிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்ப ஆரம்பிக்கும். தூய ஜெர்மானியத்தில் அவை அறை வெப்பநிலையில் கன சென்டிமீட்டருக்கு சுமார் 2.4 × 10¹³, மாசு தந்த 10¹⁵-க்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் அவை அடுக்குக்குறி வேகத்தில் பெருகும். எங்கள் படிகத்தில் 110 டிகிரியைத் தாண்டும்போது மாசு தந்ததையும் எட்டிப்பிடித்து மேலே போகின்றன. எட்டிப்பிடிப்பதற்கு முன்பே, 70-க்குப் பக்கத்தில், வளைவு திரும்பிவிடுகிறது.

சூடாக்கினால் தடை குறைவது குறைக்கடத்தி, கூடுவது உலோகம் என்ற விதியை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 1833-ல் பாரடே வெள்ளி சல்பைடில் சூட்டோடு கடத்துதிறன் கூடுவதைப் பார்த்த நாளிலிருந்து வரும் அடையாளம் அது. தூய பொருளுக்கு அந்த விதி சரி. மாசூட்டப்பட்ட படிகத்துக்கு எந்த வெப்பநிலையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தப் பாதியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பிணைப்பு முறிந்தால் படிகம் ஏன் உருகவில்லை?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அந்த மாணவர், ரீடிங்கை விட்டுவிட்டவர். சூட்டில் சகப்பிணைப்பு முறிந்து எலக்ட்ரான் வெளியே வருகிறது என்று நான் கரும்பலகையில் எழுதியதும் அவர் நிறுத்தினார். "வேதியியல் வகுப்புல ஜெர்மானியம்-ஜெர்மானியம் பிணைப்பு ஆற்றல் மோலுக்கு 188 கிலோ ஜூல்னு படிச்சோம். ஒரு பிணைப்புக்குக் கணக்கு போட்டா கிட்டத்தட்ட 2 எலக்ட்ரான் வோல்ட் வருது. இங்கே 0.67-லேயே முறியுதுன்னு சொல்றீங்க. எது சரி? அப்படி முறிஞ்சா படிகம் ஏன் அப்படியே நிக்குது?"

இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு வகுப்பில் அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது. அன்றைய மீதி நேரம் முழுவதும் இதற்கே போனது.

முதலில் எண்ணிக்கை. 147 டிகிரியில் சொந்தப் பிணைப்பிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான்கள் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 × 10¹⁵. பிணைப்புகள் எத்தனை? ஒவ்வோர் அணுவுக்கும் நான்கு, ஒவ்வொன்றையும் இரண்டு அணுக்கள் பகிர்கின்றன, ஆகவே அணுவுக்கு இரண்டு, மொத்தம் 8.8 × 10²². வகுத்துப் பார்த்தால் சுமார் மூன்று கோடி பிணைப்புகளில் ஒன்று. அந்த ஒன்றிலும் இரண்டு எலக்ட்ரானில் ஒன்றுதான் போயிருக்கிறது, மற்றது அங்கேயே. இப்படி ஒரு படிகம் உருகக் காரணமே இல்லை. ஜெர்மானியம் உருக 938 டிகிரி வேண்டும்.

அடுத்தது ஆற்றல், சிக்கல் இங்கேதான். பிணைப்பு ஆற்றல் என்பது அணுக்களைப் பிரித்துத் தூரமாகக் கொண்டுபோக ஆகும் செலவு. ஆற்றல் இடைவெளியில் எந்த அணுவும் எங்கேயும் போவதில்லை. பிணைப்பு நிலையில் இருந்த ஓர் எலக்ட்ரான் எதிர்ப்பிணைப்பு நிலைக்கு ஏறுகிறது, அவ்வளவுதான், அங்கேயும் அது படிகத்துக்குள்ளேதான் இருக்கிறது, எல்லா அணுக்களுக்கும் பொதுவாகப் பரவி. வேதியியலில் இரண்டு அணுக்களுக்கு இடையே பிணைப்பு நிலை ஒன்று, எதிர்ப்பிணைப்பு நிலை ஒன்று என்று படம் போடுவோம். அதே படத்தைக் கோடிக்கணக்கான அணுக்களுக்குப் போட்டால் பிணைப்பு நிலைகள் எல்லாம் சேர்ந்து அகன்று இணைதிறன் பட்டை ஆகும், எதிர்ப்பிணைப்பு நிலைகள் அகன்று கடத்து பட்டை ஆகும். இரண்டும் அகலும்போது நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கும். ஜெர்மானியத்தில் 0.67-க்குச் சுருங்கியிருக்கிறது.

மாணவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ இடைவெளி எப்பவும் பிணைப்பு ஆற்றலைவிடக் குறைவாத்தான் இருக்குமா?" என்றார். அதற்கு வைரம்தான் பதில். வைரத்தில் ஓர் அணுவைப் படிகத்திலிருந்து பிரிக்க 7.37 எலக்ட்ரான் வோல்ட் ஆகும், அணுவுக்கு இரண்டு பிணைப்பு என்பதால் பிணைப்புக்கு சுமார் 3.7. ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி சுமார் 5.5, பிணைப்பு ஆற்றலைவிட அதிகம். சிலிக்கானில் பிணைப்புக்கு 2.3, இடைவெளி 1.12. ஜெர்மானியத்தில் 1.9-க்கு 0.67. இரண்டும் ஒரே திசையில் குறைகின்றன, காரணம் பிணைப்பு நீளம் கூடிக்கொண்டே போகிறது: கார்பனில் 1.54 ஆங்ஸ்ட்ராம், சிலிக்கானில் 2.35, ஜெர்மானியத்தில் 2.45. ஆனால் இரண்டும் வேறு வேறு அளவுகள். ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்க முடியாது.

வரிசையில் அடுத்தது வெள்ளீயம் என்பதையும் சொன்னேன். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிலைக்கும் சாம்பல் வெள்ளீயத்துக்கு வைரத்தின் அதே அமைப்பு, ஆனால் இடைவெளி கிட்டத்தட்டப் பூச்சியம். அதற்கு மேலே இருக்கும் வெள்ளை வடிவம் சுத்தமான உலோகம். ஒரே தனிமத்தில் சகப்பிணைப்புப் பக்கமும் உலோகப் பிணைப்புப் பக்கமும். இதைக் கேட்டதும் மாணவி தன் வேதியியல் நோட்டையும் இயற்பியல் நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஒன்றில் புள்ளி புள்ளியாக எலக்ட்ரான் ஜோடிகள், இன்னொன்றில் இரண்டு செவ்வகப் பட்டைகள். இரண்டு வருடமாக அவை ஒரே பொருளைப் பற்றியவை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அணு அளவில் பேசும்போது பிணைப்பு, மின்னோட்டம் பேசும்போது பட்டை என்று மாறி மாறிப் பயன்படுத்தினேன், எங்கே தாவுகிறேன் என்று காட்டியதே இல்லை.

இன்னொரு தப்பெண்ணமும் வெளியே வந்தது, அதைச் சீக்கிரம் முடித்துவிட்டோம். என் வகைப் படிகத்துக்கு எதிர்மின்னூட்டம் இருக்கிறது என்று இருவருமே நினைத்திருந்தார்கள். கூடுதல் எலக்ட்ரானோடு வந்த அணுவின் கருவில் அதன் எல்லா எலக்ட்ரான்களுக்கும் ஈடான புரோட்டான்கள் இருக்கின்றன, மொத்தம் நடுநிலைதான்.

நேர்கோட்டைக் கைவிட எடுத்த முடிவு

இப்போது முன்னால் இருந்தவை மூன்று வழிகள். ஓவனை 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் மாசின் பங்கு மறையும் இடத்தில் மட்டும் அளக்கலாம். வேண்டாம் என்றேன், உள்ளே இருக்கும் இணைப்புகளில் ஈய-வெள்ளீயப் பற்றாசு இருக்கிறது, அது 183 டிகிரியில் உருகத் தொடங்கும். தூய படிகம் ஒன்றை வரவழைத்து எல்லாவற்றையும் பழையபடி நடத்தலாம். அது சுலபம், ஆனால் இந்தப் படிகம் கற்றுக்கொடுப்பதை அலமாரியில் பூட்டி வைப்பது போல. மூன்றாவது, மேட்டையும் சேர்த்து முழு வளைவையும் கணக்கில் எடுப்பது. அதைத்தான் எடுத்தோம்.

கணக்கு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. எலக்ட்ரான்களின் எண்ணிக்கையிலிருந்து துளைகளின் எண்ணிக்கையைக் கழித்தால் மாசு அணுக்களின் எண்ணிக்கை. இரண்டையும் பெருக்கினால் தூய ஜெர்மானியத்தில் அதே வெப்பநிலையில் இருக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கம். இந்த இரண்டு சமன்பாடும் சேர்ந்து ஓர் இருபடிச் சமன்பாடு. எலக்ட்ரானின் இயக்க எண் வெப்பநிலையின் 1.66-ஆம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறையும் என்பது ஜெர்மானியத்துக்கு அளந்து வைத்திருக்கும் மதிப்பு, அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். விரிதாளில் போட்டு, மாசின் அளவையும் ஆற்றல் இடைவெளியையும் மாற்றி மாற்றி வளைவு ரீடிங்கோடு ஒட்டும்வரை பார்த்தார்கள். மாசு 10¹⁵-க்குப் பக்கத்தில் வந்தது, முன்பு மின்தடை எண்ணிலிருந்து மட்டும் கணக்கிட்டதோடு ஒத்துப்போனது. இடைவெளி 0.76.

0.67 வர வேண்டாமா என்று இருவரும் கேட்டார்கள். வரக்கூடாது. சூடாக ஆக இடைவெளியே கொஞ்சம் சுருங்கும், தனிச்சுழி வெப்பநிலையில் 0.74, அறை வெப்பநிலையில் 0.67. நம் முறை அந்தச் சுருக்கத்தை ஒரு நேர்கோடாக எடுத்துக்கொண்டு பூச்சியக் கெல்வின் வரை நீட்டிய மதிப்பைத் தருகிறது, அது 0.78-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே 0.76 நல்ல விடை. முழு மதிப்பெண் வாங்கிய 0.64-க்கு வருவோம்: அங்கே மாசின் பங்கு இன்னும் முழுதாகப் போகவில்லை, அதனால் சாய்வு குறைந்துவிட்டது, குறைந்த அந்த எண் தற்செயலாக 0.67-க்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. இரண்டு பிழைகள் சேர்ந்து புத்தக மதிப்பைப் போல வேஷம் போட்டதைத்தான் நான் சரி என்று டிக் அடித்தேன்.

பிறகு நடந்தவை

மதிப்பெண்ணை இருவருக்கும் புதிய கணக்கின் அடிப்படையில் போட்டேன். மாணவியின் நோட்டில் "மறுபடி செய்" என்று எழுதியதை அடித்து, அவளுடைய ரீடிங்குகள் சரி, நேர்கோடு பொருந்தாத இடத்தில் நேர்கோடு போட்டது மட்டும்தான் தவறு என்று பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாணவரிடம் தனியாகப் பேசினேன். ரீடிங்கை ஏன் விட்டார் என்று கேட்டபோது மறைக்காமல் சொன்னார், கையேட்டில் 0.7 என்று இருந்தது, கீழே இருந்த ரீடிங்குகளைச் சேர்த்தால் அது வரவில்லை. அவரைத் தண்டிக்கவில்லை. காரணம் இரக்கம் இல்லை. விடையை முதலிலேயே அச்சிட்டுக் கொடுத்து, அதற்குக் கிட்டே வந்தால் மதிப்பெண் என்று ஏற்பாடு செய்தது நான். அந்த ஏற்பாட்டுக்குள் அவர் செய்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் எந்த ரீடிங்கை விட்டாலும் விட்டதையும் ஏன் விட்டேன் என்பதையும் எழுத வேண்டும் என்று சொல்லி, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எழுதவைத்தேன்.

அடுத்த வருட மாணவர்களுக்கு இதே படிகத்தைக் கொடுத்தேன். பெரும்பாலான குழுக்கள் மேட்டை அப்படியே வரைந்து கொண்டுவந்தன. ஒரு குழு கனெக்‌ஷன் லூஸ் என்று எழுதியிருந்தது. என் வகைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு என்ற எண்ணம் மட்டும் வைவாவில் இன்னும் பல பேரிடம் இருக்கிறது, அதற்குச் சரியான வழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மாற்றியவை, மாற்ற நினைப்பவை

கையேட்டிலிருந்து எதிர்பார்க்கும் மதிப்பை எடுத்துவிட்டேன். ஓவனைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறேன்: அறை வெப்பநிலையில் மின்தடை எண் என்ன, தூய ஜெர்மானியத்தோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு, சூடான முனை எந்தப் பக்கம் காட்டுகிறது, இதிலிருந்து கிராஃப் எப்படி வரும் என்று பென்சிலால் முன்கூட்டியே ஒரு கோட்டுப்படம். ரீடிங் எல்லாம் ஆறும்போதுதான். படிகப் பெட்டியின் மேல் மின்தடை எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறோம், ஊசிகளின் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கலாம் என்பதையும்.

மறுபடி முதலிலிருந்து செய்ய வாய்ப்பு கிடைத்தால், மாணவி வந்து உலோகமா என்று கேட்ட அந்த நிமிடத்தில் அடுத்த மேஜைக்குப் போயிருக்க மாட்டேன். வேதியியல் ஆசிரியரையும் அழைத்து, பிணைப்புப் படத்தையும் பட்டைப் படத்தையும் ஒரே கரும்பலகையில் ஒரே வகுப்பில் போட வேண்டும் என்று பேசியிருக்கிறோம். அவர் வைரம், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம் என்ற வரிசையில் ஆரம்பிக்கலாம் என்கிறார். அடுத்த பருவத்தின் இரண்டாவது வாரத்துக்கு நேரம் குறித்திருக்கிறோம்.